வெற்றிடமும் ஊசியும்: உயிரிழையப் பரிசோதனைக் கருவியொன்றின் சமூக வரலாறு

மருத்துவக் கருவிகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரு சாராராவர். ஒரு சாரார் அவற்றை விற்பனை செய்வோரின் கூற்றுக்களை வழிமொழிபவர்கள். மறுசாரார் அவற்றை விஞ்ஞானத்தின் தன்னியல்பான வளர்ச்சிப் படிகளாகக் காண்பவர்கள். இரு சாராரிடத்தும் ஒரு பொதுக் குறைபாடு உண்டு. குறிப்பிட்ட கருவி எந்தக் கேள்விக்கு விடையாகத் தோன்றியது, அக்கேள்வியை எழுப்பியவர் யாவர், விடையினாற் பயன்பெறுவோர் யாவர் என்னும் வினாக்கள் அவர்களது நோக்கெல்லைக்குள் வருவதில்லை. மார்பகத்திலிருந்து இழையத் துண்டுகளை எடுப்பதற்கென 1995 ஆம் ஆண்டு முதல் பாவனைக்கு வந்த வெற்றிட உதவி ஊசிக்கருவியையும், அதிலிருந்து கிளைத்த, கையிற் பிடித்து இயக்கத்தக்க வடிவங்களையும் இவ்வினாக்களின் ஒளியிலே விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய மாணவன் ஒருவனுக்கு ஊசியைப் பற்றி எழுத என்ன உரிமை உண்டென்று வினவப்படலாம். வினா நியாயமானதே. ஆயினும் இக்கருவியின் வரலாறு வைத்தியசாலை ஆவணங்களில் மட்டும் எழுதப்பட்டதன்று. கடிதங்களிலும் தன்வரலாறுகளிலும் பெண்கள் எழுதிய நூல்களிலுமே அதன் முக்கியமான அத்தியாயங்கள் உள்ளன. மேலும், மானிப்பாயிலே 1847 முதல் 1873 வரை பணியாற்றிய அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், தமிழ்மொழி மூலமே மேனாட்டு மருத்துவம் கற்பித்து, ‘இரண வைத்தியம்’ என்னும் சத்திரசிகிச்சை நூலை 1867 இல் வெளியிட்ட மண்ணிலே, சத்திரசிகிச்சைக் கருவியொன்றைப் பற்றித் தமிழில் எழுதுவது புதுமையுமன்று. மார்க்ஸின் ‘மூலதனம்’ முதலாம் பாகம் வெளிவந்ததும் அதே 1867 இலேயே என்பது தற்செயலானதுதான். எனினும் கருவிகளைப் பற்றிச் சிந்திப்பதற்கு அவ்விரு நூல்களும் வெவ்வேறு வகையிலே துணைசெய்வன.

ஆங்கில நாவலாசிரியை ஃபானி பேர்னிக்கு 1811 ஆம் ஆண்டு செப்டெம்பர் 30 ஆம் திகதி பரிஸ் நகரிலே மார்பகம் அகற்றப்பட்டது. நெப்போலியனின் படைச் சத்திரசிகிச்சை நிபுணர் லாறே அதனைச் செய்தார். மயக்கமருந்து கண்டறியப்படாத காலம் அது. கறுப்பு உடை அணிந்த ஏழு ஆண்கள் முன்னறிவிப்பின்றித் தமது அறைக்குள் நுழைந்ததை அவர் தமது சகோதரிக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் விவரித்துள்ளார். அக்கடிதத்தை எழுதி முடிக்க அவருக்குப் பல மாதங்கள் பிடித்தன. பேர்னி அதன் பின்னர் இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1840 இற் காலமானார். அவருக்கு இருந்தது உண்மையிலே புற்றுநோய்தானா என்ற ஐயம் மருத்துவ வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் உண்டு. அந்த ஐயத்தைத் தீர்ப்பதற்கு வழியில்லை. ஏனெனில், கையாற் தொட்டுணர்ந்த கட்டியொன்றை என்னவென்று அறிவதற்கு அன்றைய மருத்துவத்திடம் இருந்தவை விரல்களும் அனுபவமும் மட்டுமே.

கட்டியினுள்ளே இருப்பது யாதென்பதை அறிதல் நுணுக்குக்காட்டியின் வருகைக்குப் பின்னரே இயல்வதாயிற்று. ஜேர்மனியிலே ஜொஹானஸ் முல்லர் 1838 இற் கட்டிகளின் நுண்ணமைப்பை ஆராய்ந்தார். அவருடைய மாணவர் றுடோல்ஃப் வேர்ச்சோ 1858 இற் கலநோயியலை நிறுவினார். மேற்சிலேசியாவிற் பரவிய கொள்ளைக் காய்ச்சலுக்கு வறுமையும் கல்வியின்மையுமே காரணம் என்று 1848 இல் எழுதிப் பிரசிய அரசின் சினத்துக்கு ஆளானவரும் இதே வேர்ச்சோதான். கலத்தையும் சமுதாயத்தையும் ஒருங்கே நோக்கிய இத்தகையோர் பின்னாளில் அருகிப்போயினர். உயிருள்ளவரின் உடலிலிருந்து சிறிது இழையத்தை எடுத்து ஆராய்தலுக்கு ‘பயொப்சி’ என்ற பெயரை 1879 இற் சூட்டியவர் பிரெஞ்சுத் தோல்நோய் வைத்தியர் ஏர்னஸ்ற் பெஸ்னியே. உயிர், காட்சி எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. இறந்தோரை அறுத்துப் பார்த்து அறியும் முறைக்கு எதிரிடையாக, உயிரோடிருக்கையிலேயே பார்த்தல் என்னும் கருத்து அப்பெயரிலே பொதிந்துள்ளது. உயிரிழையப் பரிசோதனை எனத் தமிழிற் கூறுகையில் அவ்வெதிரிடை ஓரளவு புலப்படுகிறது. வைத்தியசாலைகளில் எவரும் அவ்வாறு கூறுவதில்லை என்பது வேறு விடயம்.

ஆயினும், அறிவதற்கான வழி பிறந்தமை மட்டும் போதவில்லை. அறிவு யாருடைய கையில், எந்த நேரத்தில் வந்து சேர்கிறது என்பதே பின்னர் எழுந்த சிக்கல். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த வில்லியம் ஹோல்ஸ்ரெட் தமது முழுமையான மார்பக அகற்றல் முறையை 1894 இல் விரிவாக வெளியிட்டார். மார்பகம், அதன் கீழுள்ள நெஞ்சுத் தசைகள், அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்கள் ஆகிய அனைத்தையும் ஒருசேர அகற்றும் முறை அது. மினசோட்டாவிலுள்ள மேயோ வைத்தியசாலையிலே 1905 ஆம் ஆண்டு லூயி வில்சன் என்பார் புதிய இழையத்தை உறையவைத்துச் சீவி, சாயமூட்டி, சில நிமிடங்களுள் முடிவு கூறும் முறையைச் செம்மைப்படுத்தினார். இவ்விரண்டும் இணைந்ததன் விளைவே ‘ஒரே கட்டச்’ சத்திரசிகிச்சை. கட்டியுடன் வரும் பெண்ணிடம் மார்பகத்தை அகற்றுவதற்கான சம்மதமும் முன்கூட்டியே பெறப்படும். மயக்கத்தில் ஆழ்த்தப்பட்ட பின் கட்டி எடுக்கப்பட்டு உறைவெட்டுக்கு அனுப்பப்படும். புற்றுநோய் என விடை வரின், அவள் கண்விழிக்கு முன்னரே மார்பகம் அகற்றப்பட்டுவிடும். மார்பகத்துடன் எழுவாளா இன்றி எழுவாளா என்பதை அறியாமலே அவள் மேசையிற் படுத்தாள். எழுபதுகள் வரையும் அமெரிக்காவில் இதுவே வழமை.

இம்முறைக்குச் சத்திரசிகிச்சை நிபுணர் கூறிய நியாயம் மயக்கமருந்தை இருமுறை கொடுப்பதன் அபாயமும், தாமதத்தால் நோய் பரவுமென்ற அச்சமுமே. இந்நியாயத்தில் மருத்துவம் எவ்வளவு, அதிகாரம் எவ்வளவு என்பதைப் பிரித்தறிதல் அக்காலத்தே எளிதன்று. அமெரிக்க ஜனாதிபதியின் மனைவியான பெற்றி ஃபோர்டுக்கு 1974 செப்டெம்பரில் இவ்வாறே ஒரே கட்டத்திற் சிகிச்சை நடைபெற்றது. அதே ஆண்டிலே தமது மார்பிற் கட்டியைக் கண்ட பத்திரிகையாளர் றோஸ் குஷ்னர், முதலிற் பரிசோதனை மட்டுமே செய்யவேண்டும், முடிவை அறிந்து சிந்தித்த பின்னரே சிகிச்சை என்று வற்புறுத்தினார். அதற்கிணங்கும் சத்திரசிகிச்சை நிபுணரைக் கண்டுபிடிக்க அவர் பலரை நாடவேண்டியதாயிற்று. பெற்றி ஃபோர்டின் சிகிச்சைக்கு முன்னர் வெள்ளை மாளிகைக்குத் தொலைபேசியில் அழைத்து இதனை எடுத்துரைக்க முயன்றபோது, முடிவை ஜனாதிபதி எடுத்துவிட்டார் எனத் தமக்குப் பதில் கிடைத்ததாக அவர் பின்னர் கூறியுள்ளார். யாருடைய உடல், யாருடைய முடிவு என்ற வினாவுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

குஷ்னர் 1975 இல் வெளியிட்ட நூல், தன்வரலாறும் துப்பறியும் பத்திரிகை எழுத்தும் கலந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 1979 இற் கூட்டிய கருத்திணக்க மாநாட்டுக் குழுவில் அவர் உறுப்பினராக இடம்பெற்றார். பரிசோதனையும் சிகிச்சையும் இரு வேறு கட்டங்களாதல் வேண்டும் என அம்மாநாடு பரிந்துரைத்தது. கறுப்பினக் கவிஞர் ஓட்றி லோட் தமது ‘புற்றுநோய் நாட்குறிப்புக்களை’ வெளியிட்டது 1980 இல். இத்தாலியில் வெறோனேசியின் ஆய்வு 1981 இலும், அமெரிக்காவிற் பேர்னாட் ஃபிஷரின் ஆய்வு 1985 இலும், கட்டியை மட்டும் அகற்றும் முறைகளைப் பின்பற்றிய பெண்களும் முழு மார்பகத்தையும் இழந்த பெண்களுக்குக் குறையாமல் உயிர்வாழ்ந்தனர் எனக் காட்டின. இவ்வரலாற்றை இங்கு விரித்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. பரிசோதனை தனியொரு கட்டமாகப் பிரிந்தாலன்றி, அக்கட்டத்துக்கெனத் தனிக் கருவி தேவைப்பட்டிராது. ஊசிக்கருவிகளின் வரலாற்றைக் கூறும் மருத்துவக் கட்டுரைகள் இப்போராட்டத்தைக் குறிப்பிடுவது அரிது. அவை பொறியியலாளரின் பெயருடன் தொடங்குகின்றன.

இரண்டாவது தேவை பிறிதொரு திசையிலிருந்து வந்தது. மார்பக எக்ஸ்கதிர்ப் படமாகிய மமோகிராம் மூலம், நோயறிகுறி எதுவுமற்ற பெண்களை ஒழுங்காகச் சோதிக்கும் திட்டங்கள் எண்பதுகளில் விரிவடைந்தன. பிரித்தானியாவிலே 1986 ஆம் ஆண்டின் ஃபொறெஸ்ற் அறிக்கையைத் தொடர்ந்து 1988 இல் அரச திட்டம் ஆரம்பமாயிற்று. விரலுக்குத் தட்டுப்படாத, எக்ஸ்கதிருக்கு மட்டும் புலனாகும் நிழல்களும் உப்புத்தூள் சிந்தியது போன்ற நுண்ணிய கல்சியத் துகள்களும் பெருந்தொகையாகக் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை தீங்கற்றவை. எனினும் எது தீங்கற்றது என்பதைப் படம் மட்டும் உறுதியாகக் கூறாது. கொளுக்கி முனையுள்ள மெல்லிய கம்பியை அவ்விடத்தே செலுத்தி அடையாளமிட்டு, கம்பியைத் தொடர்ந்து வெட்டிச் சென்று இழையத்தை எடுப்பதே அப்போதிருந்த வழி. ஒன்றுமில்லை என்று அறிவதற்காகவே எண்ணற்ற பெண்கள் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குச் செல்லவேண்டியிருந்தது.

ஊசி புதியதன்று. நியூ யோர்க்கின் மெமோறியல் வைத்தியசாலையில் மாட்டினும் எலிஸும் ஊசியால் உறிஞ்சிய கலங்களைக் கொண்டு புற்றுநோயை அறியும் முறையை 1930 இலேயே வெளியிட்டனர். ஆனால் மெல்லிய ஊசியில் வருவன தனித்தனிக் கலங்கள். அவை எவ்வாறு அடுக்கப்பட்டிருந்தன என்ற செய்தி தொலைந்துபோகும். ஏட்டிலிருந்து எழுத்துக்களை மட்டும் உதிர்த்து எடுத்து வந்து, பாட்டு யாதெனக் கேட்பதை ஒக்கும் இது. புற்றுநோய் நாளத்தின் சுவருக்குள் அடங்கியுள்ளதா, சுவரைத் துளைத்து வெளியேறிவிட்டதா என்பதை அறிய இழையம் துண்டாகவே வேண்டும். சுவீடனைச் சேர்ந்த கதிரியல் நிபுணர் பேர் லிண்ட்கிறென் 1982 இல் அறிமுகப்படுத்திய சுருள்விற் கருவி இதற்கு வழிகோலியது. ‘துப்பாக்கி’ என்றே அதனை வைத்தியர் அழைத்தனர். பள்ளம் வெட்டப்பட்ட உள்ளூசி முதலிற் பாயும். அடுத்த கணமே கூரிய வெளிக்குழாய் அதன்மேற் பாய்ந்து, பள்ளத்திற் சிக்கிய இழையத்தை அறுத்து மூடும். ஸ்ரொக்ஹோமின் கரோலின்ஸ்கா நிலையத்தார் 1977 இல் வெளியிட்ட முறைப்படி, இரு கோணங்களில் எடுத்த எக்ஸ்கதிர்ப் படங்களைக் கொண்டு புள்ளியொன்றின் ஆழத்தைக் கணிப்பது ஏற்கெனவே இயல்வதாயிருந்தது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த ஸ்ரீவ் பாக்கர் இவ்விரண்டையும் இணைத்து 1990 இற் தமது முடிவுகளை வெளியிட்டார்.

துப்பாக்கியின் குறைகள் அதன் இயல்பிலிருந்தே பிறந்தவை. ஒவ்வொரு துண்டுக்கும் ஊசியை வெளியே எடுத்து மீண்டும் குத்தவேண்டும். குறி சற்றே தவறினால் வருவது அயலிலுள்ள கொழுப்பு. முதற் குத்திற் கசிந்த குருதி அடுத்த துண்டினுள்ளும் கலக்கும். 14 ஆம் இலக்க ஊசியால் வரும் துண்டின் நிறை ஏறக்குறைய 17 மில்லிகிராம் மட்டுமே.

இலக்கம் பற்றி ஒரு வார்த்தை. ஊசியின் இலக்கம் கூடக் கூட அதன் தடிப்புக் குறைவது கேட்போருக்கு விந்தையாகத் தோன்றும். 14 ஆம் இலக்க ஊசியின் விட்டம் ஏறக்குறைய 2.1 மில்லிமீற்றர், 11 ஆம் இலக்கம் 3 மில்லிமீற்றர், 8 ஆம் இலக்கம் 4.2 மில்லிமீற்றர். இவ்வெண்கள் மருத்துவத்திற் பிறந்தவையல்ல. இங்கிலாந்தின் கம்பித் தொழிற்சாலைகளிலே, உலோகக் கம்பியைத் துளைத்தட்டின் வழியே எத்தனை தடவை இழுத்து மெலிவித்தனர் என்னும் எண்ணிக்கையிலிருந்து வந்த அளவு முறை அது. கம்பி இழுத்த தொழிலாளியின் உழைப்பு, அவன் பெயர் மறைந்த பின்னும், சத்திரசிகிச்சைக் கூடத்திலே எண்ணாக நிலைத்திருக்கிறது.

இனிக் கருவியின் அமைப்புக்கு வருவோம். அமெரிக்கக் கதிரியல் நிபுணர் ஃபிறெட் பேர்பாங்க், மருத்துவக் கருவி வடிவமைப்பாளர் மார்க் றெச்சாட் என்போர் உருவாக்கி, கலிபோர்னியாவின் பயொப்சிஸ் மெடிக்கல் கம்பனி 1995 இற் சந்தைக்குக் கொணர்ந்த ‘மமோற்றோம்’ என்பதே இவ்வகையின் முதற் கருவி. அதன் ஊசி இரு குழாய்களால் ஆனது. வெளிக்குழாயின் முனை மூடியது. முனைக்குச் சற்றுப் பின்னே பக்கவாட்டில் நீண்ட வாயொன்று உண்டு. அவ்வாய்க்கு நேரே அடிப்புறத்திற் சிறு துவாரங்கள் உள்ளன. அவை வெற்றிடப் பம்பியுடன் தொடுக்கப்பட்டவை. வெளிக்குழாயினுள்ளே வட்ட விளிம்பு கூர்மையாக்கப்பட்ட உட்குழாய் சுழன்றபடி முன்னும் பின்னும் நகரும். ஊசி உரிய இடத்தை அடைந்ததும் பம்பி இயங்க, வாய்க்கு அருகிலுள்ள இழையம் வாயினுள் இழுபட்டு அங்கேயே பிடிபடும். உட்குழாய் சுழன்று முன்னேறி அதனை அறுக்கும். பின்னர் உட்குழாய் பின்வாங்குகையில், அதே வெற்றிடத்தின் துணையால் அறுபட்ட துண்டும் குழாய் வழியே வெளியே வந்துசேரும். ஊசி உடலினுள்ளேயே இருக்கும். வைத்தியர் அதன் வாயைக் கடிகார முட்போலச் சற்றுத் திருப்பி அடுத்த துண்டை எடுப்பார். இவ்வாறு ஒரு சுற்று முடிகையிற் பன்னிரண்டு துண்டுகள் வரையும் ஒரே துவாரத்தினூடே வந்துவிடும். அதே உறிஞ்சல் தேங்கும் குருதியையும் அகற்றும்.

வெற்றிடம் இழுக்கின்றது என்று பேச்சுவழக்கிற் கூறினாலும் அது உண்மையன்று. வெளியிலுள்ள அமுக்கம் இழையத்தை உள்ளே தள்ளுகின்றது. கொம்பு வைத்துக் குருதி வாங்கும் முறையைச் சுசுருத சம்கிதை கூறுகின்றது. அதன் தத்துவமும் இதுவே. பிரான்சின் டியூலாஃபுவா 1869 இல் உருவாக்கிய உறிஞ்சற் கருவியும் உடலினுள் தேங்கிய நீரை அகற்றவே பயன்பட்டது. நீர்மத்தை வாங்க உதவிய தத்துவத்தைத் திண்மத்தை அறுக்கப் பயன்படுத்தியமையே புதுமை. மார்பக இழையம் கொழுப்பும் நாரும் கலந்தது. கத்தி முனைக்கு நுங்கு வழுக்குவது போல வழுக்கும். துப்பாக்கி இதனை வேகத்தால் வெல்ல முயன்றது: நழுவுவதற்கு நேரங் கொடாமல் வெட்டிவிடுவது அதன் தந்திரம். வெற்றிடக் கருவியோ முதலிற் பிடித்துக்கொண்டு பின்னர் ஆறுதலாக அறுக்கிறது. குறி சற்றே விலகியிருப்பினும் அயலிலுள்ள இழையத்தை வாய்க்குள் வரவழைக்க அதனால் இயலும். 11 ஆம் இலக்க ஊசியால் வரும் துண்டின் நிறை ஏறக்குறைய 100 மில்லிகிராம். துப்பாக்கித் துண்டின் ஐந்து மடங்குக்கும் மேல்.

இவ்வேறுபாடு வெறும் எண் வேறுபாடன்று. நாளங்களின் உட்புறக் கலங்கள் பெருகும்போது, அப்பெருக்கம் ‘இயல்பிறழ்ந்த நாளக் கலப்பெருக்கம்’ எனப்படுமா, ‘நாளத்துள் அடங்கிய புற்றுநோய்’ எனப்படுமா என்பதைத் தீர்மானிக்கும் அளவுகோல்களுள் ஒன்று அதன் பரப்பு. ஏறக்குறைய 2 மில்லிமீற்றருக்கு உட்பட்டதாயின் முன்னது. அதனைக் கடந்தால் பின்னது. எடுக்கப்பட்ட துண்டே சிறிதாயின் எல்லை கடந்ததா என்பது எவ்வாறு தெரியும்? துப்பாக்கி ஊசியால் முன்னதெனப் பெயரிடப்பட்ட பெண்களுட் கணிசமானோருக்குப் பின்னர் சத்திரசிகிச்சையிற் புற்றுநோய் காணப்பட்டது. வெற்றிட ஊசிக்குப் பின் அத்தொகை குறைந்தது. அளவு மாற்றம் பண்பு மாற்றத்துக்கு இட்டுச் செல்லும் என்னும் இயங்கியல் விதிக்கு இதனை உதாரணங்காட்ட நம்மவர் சிலர் விரையக்கூடும். அவசரம் வேண்டாம். இங்கே மாறியது நோயன்று. நோய்க்கு நாம் இடும் பெயர். பெயர் மாறினாற் சிகிச்சை மாறும், பெண்ணின் வாழ்வும் மாறும் என்பது உண்மையே. ஆனால் இயற்கையின் பண்பு மாற்றத்தையும் வகைப்பாட்டின் எல்லைக்கோட்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருள்முதல்வாதமாகாது.

நிறைய எடுப்பதற்கும் ஒரு விலை உண்டு. சிறிய புண்பகுதி முழுவதும் துண்டுகளோடு வெளியே வந்துவிடும். பரிசோதனை முடிவு புற்றுநோய் என வந்தால், சத்திரசிகிச்சை நிபுணர் திரும்பிச் செல்லவேண்டிய இடத்துக்குப் படத்தில் அடையாளம் எதுவும் இராது. ஆகவே துண்டுகளை எடுத்த குழியிலே தைத்தேனியத்தாலான சிறு கவ்வியொன்றை விட்டுவருவது வழமையாயிற்று. படத்திற் புலப்பட்டது மறைந்தமையால் நோயும் மறைந்துவிட்டதாகக் கருதலாகாது என்பதையும் பின்வந்த ஆய்வுகள் உணர்த்தின.

‘மூலதனத்தின்’ இயந்திரங்கள் பற்றிய அத்தியாயத்திலே மார்க்ஸ் வளர்ச்சியடைந்த இயந்திரத்தை மூன்று உறுப்புக்களாகப் பிரிப்பார்: இயக்குவிசை தரும் பகுதி, அவ்விசையைக் கடத்தும் பகுதி, பொருளின்மீது தொழிற்படும் கருவிப் பகுதி. மனிதன் கையிலிருந்த கருவி பொறியமைப்பின் கைக்கு மாறுவதே இயந்திரத்தின் பிறப்பு என்பது அவர் கருத்து. முதல் மமோற்றோம் இதற்கு அச்சொட்டான உதாரணம். பம்பியும் மோட்டரும் தனிப்பெட்டியில். விசையைக் கடத்துவன குழாய்களும் வடங்களும். ஊசியோ, பெண் குப்புறப் படுத்திருக்கும் விசேட மேசையோடு பொருத்தப்பட்டது. மேசையிலுள்ள துவாரத்தின் வழியே மார்பகம் கீழே தொங்க, தகடுகள் அதனை அழுத்திப் பிடிக்க, கணினி கணித்த புள்ளிக்கு ஊசி செல்லும். வைத்தியர் எண்களைச் சரிபார்ப்பவரானார். கழியொலி அலைகளாற் படம் காட்டும் முறையுடன் இணைத்துப் பயன்படுத்துவதற்கெனத் தொண்ணூறுகளின் இறுதியில் வந்த கையிற் பிடிக்கும் வடிவம், இவ்வியக்கத்தை ஒருவகையில் மறுதலித்தது. பாக்கரும் உடனுழைத்தோரும் அதன் பாவனை பற்றிய கட்டுரையை 2001 இல் வெளியிட்டனர். பெண் மல்லாந்து படுத்திருப்பாள். வைத்தியரின் ஒரு கையிற் கழியொலிக் கருவி, மறுகையில் ஊசிக்கருவி. சிகிச்சைப் பகுதியை விறைக்கச் செய்து, சில மில்லிமீற்றர் நீளத்துக்குத் தோலைக் கீறி, ஊசியின் வாய் கட்டியின் அடியிலே பொருந்துமாறு செலுத்துவர். மேலிருந்து கீழாகத் திரையிற் தெரியும் கட்டி, துண்டு துண்டாகக் குறைந்து செல்வதை இருவருமே பார்க்கலாம். பின்னர் வந்த சில கருவிகளில் மின்கலமும் பம்பியும் கைப்பிடிக்குள்ளேயே அடங்கின. பார்ட் கம்பனியின் ‘வாக்கோறா’ அவ்வகையில் முன்னோடி. ஆனால் அதில் ஒவ்வொரு துண்டுக்கும் ஊசியை வெளியே எடுக்கவேண்டியிருந்தது. இயந்திரம் மீண்டும் கைக்கு வந்ததெனலாம். கைத்திறன் முழுவதும் மீண்டுவிட்டதெனக் கூறமுடியாது. விசையும் வேகமும் தொழிற்சாலையிலேயே தீர்மானிக்கப்பட்டவை. எனினும் கண்ணுக்கும் கைக்குமான உறவு வைத்தியருக்குத் திரும்பக் கிடைத்தது. எக்ஸ்கதிருக்கு மட்டும் புலனாகும் கல்சியத் துகள்களைக் கழியொலி பெரும்பாலும் காட்டாதாகையால் மேசையும் மறைந்துவிடவில்லை.

உற்பத்தி உறவுகளையும் நோக்கவேண்டும். பயொப்சிஸ் மெடிக்கலை 1997 இல் ஜோன்சன் அன்ட் ஜோன்சன் விலைக்கு வாங்கியது. மமோற்றோம் வணிகம் 2010 இல் டெவிகோர் என்னும் கம்பனிக்கும், 2014 இல் டனஹர் குழுமத்தைச் சேர்ந்த லைக்காவுக்கும் கைமாறியது. போட்டிக் கருவியை உருவாக்கிய சூறோஸ் 2006 இல் ஹொலொஜிக்கினுள் அடங்கியது. சென்னோறெக்ஸ் கம்பனியை 2010 இற் பார்ட் வாங்கிற்று. பார்ட்டை 2017 இற் பெக்ரன் டிக்கின்சன் விழுங்கிற்று. இருபதாண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் மூலதனம் ஒருமுகப்படுதலின் பாடநூல் உதாரணம் இது. வாங்கியவர்களின் கண் பெட்டியிலன்று, ஊசியிலே இருந்தது. பெட்டி ஒருமுறை விற்பது. ஊசியோ ஒரு பெண்ணுக்கு ஒன்று எனப் பாவித்து எறியப்படுவது. தொற்றைத் தவிர்க்க அது இன்றியமையாததே, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கம்பனியின் ஊசி மற்றொன்றின் கைப்பிடியிற் பொருந்தாமை தொற்றைத் தவிர்ப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. வெற்றிட ஊசியின் விலை சாதாரண சுருள்வில் ஊசியின் விலையிலும் பன்மடங்கு.

பயன்கள் மெய்யானவை. தீங்கற்ற கட்டிகளை இம்முறையால் முழுவதும் அகற்றுவது பற்றிய வழிகாட்டலைப் பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2006 இல் வெளியிட்டது. நன்மையெனவும் தீமையெனவும் உறுதிகூற இயலாத இடைநிலைப் புண்களுட் பலவற்றுக்குத் திறந்த சத்திரசிகிச்சைக்குப் பதிலாக வெற்றிட அகற்றலே போதும் என்று அந்நாட்டுப் பரிசோதனைத் திட்டத்தின் வழிகாட்டல் 2018 இற் கூறியது. பெண்ணொருத்தி விறைப்பு மருந்துடன் ஒருமணி நேரம் படுத்திருந்து, அமுக்கிக் கட்டிய துணியுடன் அன்றே வீடு செல்வது சிறிய விடயமன்று. குருதிக் கட்டு ஏற்படுவதே வழமையான உபாதை. அதேவேளை, எளிதாக அகற்றலாம் என்பதே அகற்றுவதற்குக் காரணமாகிவிடும் போக்கும் உண்டு. இளம் பெண்களிடத்துக் காணப்படும் நார்க்கட்டிகளுட் பெரும்பாலானவற்றை ஒன்றும் செய்யாது விட்டுவிடலாம். கட்டணம் பெறும் மருத்துவத்தில் ‘விட்டுவிடலாம்’ என்ற சொல்லுக்கு விலை இல்லை. தேடலை விரிவாக்கும் திட்டங்களும் இவ்வாறே இருமுனை கொண்டவை. ஐம்பது வயதிலிருந்து இருபது ஆண்டுகள் மார்பகப் பரிசோதனைக்கு அழைக்கப்படும் 10,000 பெண்களில் 43 மரணங்கள் தவிர்க்கப்படுகின்றன, 129 பேருக்கு வாழ்நாளில் ஒருபோதும் துன்பந்தராத புற்றுநோய் கண்டறியப்படுகின்றது என மைக்கல் மாமற் தலைமையிலான பிரித்தானியக் குழு 2012 இல் மதிப்பிட்டது.

இலங்கையிலும் பெண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்கே. ஆயினும் எம்மைப் போன்ற நாடுகளிற் பெரும்பாலான பெண்கள் வைத்தியரிடம் வருவது எக்ஸ்கதிர்ப் புள்ளியுடனன்று, கையிற் தட்டுப்படும் கட்டியுடனேயே. அத்தகைய கட்டிக்குக் கழியொலித் திரையும் சாதாரண சுருள்வில் ஊசியும் போதும். வெற்றிடக் கருவி இல்லாமை அவர்களது முதற் குறையன்று. உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வகுத்த மார்பகப் புற்றுநோய் முன்முயற்சி, பெண் முதன்முதலில் வைத்தியரை நாடிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் உறுதிப்படுத்தப்படல் வேண்டும் என இலக்கு நிர்ணயித்தது. அந்த 60 நாட்களில் ஊசி குத்தும் நேரம் சில நிமிடங்களே. எஞ்சியது பேருந்தில் வந்து வரிசையில் நிற்கும் நேரம்; எடுத்த துண்டு ஃபோர்மலினில் ஊறி, மெழுகிற் பதிந்து, மைக்கிரோன் கணக்கிற் சீவப்பட்டு, சாயமூட்டப்பட்டு, நோயியலாளரின் மேசைக்கு வரும் நேரம். துப்பாக்கி ஊசி நாலைந்து துண்டுகளை அனுப்புமிடத்து வெற்றிட ஊசி பன்னிரண்டை அனுப்பும். ஒவ்வொன்றும் அதைவிடப் பெரிது. அவற்றைப் பார்ப்பதற்கு நோயியலாளர் இல்லாத வைத்தியசாலையில், துண்டுகள் அடுத்த நகரத்துக்குச் செல்லும் வாகனத்தைக் காத்துக் குப்பியிலேயே கிடக்கும்.